பத்தரை கிராம் ஈயம்

“இதுல புழு எங்க குத்துவ தம்பி?”

பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஜிலேபி மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். அவரிடம் இருந்தது ஒரு மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, பழைய ஹவாய் செருப்பை வெட்டிச் செய்த தக்கை, கொட்டாங்குச்சி நிறைய மண்புழு. நான் நீட்டியதை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். துப்பாக்கி ரவை போல முன்பக்கம் கூரான ஈயத்தலை. அதில் பெயின்டால் வைத்த இரண்டு கண். தலைக்குப் பின்னால் வாய் மேல்நோக்கி வளைந்த ஒரே ஒரு பெரிய முள். முள்நுனியை மறைத்துக்கொண்டு பல் பிரஷ் மாதிரி ஒரு கொத்து நைலான் நார். கழுத்தைச் சுற்றி நாற்பது ஐம்பது சிலிக்கான் இழைகள்.

“ஜாக்கெட்டு தைக்கிற கடைல தொங்கற குஞ்சம் மாதிரி கீது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புழு கிடையாது, மாவு கிடையாது, தவளையும் கிடையாது என்று நான் சொன்ன பிறகு அவர் என் பக்கமே திரும்பவில்லை.

அந்தக் குஞ்சத்துக்குப் பெயர் ஸ்விம் ஜிக். எடை எட்டில் மூன்று அவுன்ஸ். நம் கணக்கில் பத்தரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே. விலை 350 ரூபாய் என்பதைப் பெரியவரிடம் நான் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்தது ஜோலார்பேட்டையைச் சுற்றியுள்ள ஏரிகளில் ஒன்றின் கரை. எது என்று எழுத மாட்டேன். தூண்டில்காரனிடம் சம்பளத்தைக் கேட்கலாம், இடத்தைக் கேட்கக் கூடாது. ஏலகிரி மலை முழுசாகத் தெரியும், ரயில் சத்தம் ஓயாமல் கேட்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தச் சாமான் எந்த மீனுக்காகச் செய்யப்பட்டதோ அந்த மீன் அந்த ஏரியில் இல்லை. வட அமெரிக்காவின் நன்னீர் மீனான பெரிய வாய் பாஸுக்காகச் செய்தது இது. நம் ஊரில் பாஸ் என்று சொன்னால் கடலோரக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கொடுவா. 1997இல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்ததே, அந்த மீன். முட்டுக்காடு, எண்ணூர்ப் பக்கம் கழிமுகங்களில் அதற்கும் ஜிக் போடுகிறார்கள். ஆனால் அது வேறு குடும்பம், வேறு தண்ணீர்.

ஸ்விம் ஜிக் கதையைத் தேடிப் போனால் மிசிசிப்பி ஆற்றங்கரையில், விஸ்கான்சின் மாநிலத்து லா கிராஸ் என்ற ஊரில் போய் நிற்போம். சரக்குப் படகுகள் போய்வர ஒன்பது அடி ஆழம் வேண்டும் என்று 1930களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் மேல் மிசிசிப்பி நெடுக மதகும் அணையுமாகக் கட்டிக்கொண்டே போனார்கள். நடு ஆற்றில் ஆழம் கிடைத்தது. இரண்டு பக்கமும் தாழ்ந்த காடும் புல்வெளியும் மூழ்கின. மரங்கள் பட்டுப்போய் மொட்டைகளாக நின்றன. இடுப்பளவுத் தண்ணீரில் அல்லியும் பாசியும் மண்டின. பாஸ் மீனுக்கு அது மாமியார் வீடு. தூண்டில் போடுகிறவனுக்கோ நரகம். திறந்த முள் எதைப் போட்டாலும் இரண்டாவது இழுப்பில் கிலோ கணக்கில் பாசியோடு வரும்.

அதுவரை ஜிக் என்றால் அடியில் விழுந்து குதிக்கிற சாமான். கனமான தலை தரையில் மோத, அதைத் துள்ளத் துள்ள இழுப்பார்கள். லா கிராஸ் பக்கத்துத் தூண்டில்காரர்கள் அதை அடிக்கு விடாமல், பாசிக்கு மேலே ஒரு சாண் தண்ணீரில் நிற்காமல் இழுத்து நீந்தவிட்டார்கள். அதற்குத் தோதாகத் தலையைக் கூராக்கினார்கள். நரம்பு கட்டும் வளையத்தை மூக்கு நுனிக்குக் கொண்டுபோனார்கள். முள்ளுக்குக் காவலாக நார்க் கொத்து வைத்தார்கள். இந்த விஷயத்தில் அந்த ஊரில் முதலில் அடிபடும் பெயர் டாம் மான்சூர். ஈயத்தைத் தானே வார்த்து, இழைகளைத் தன் கையாலேயே கட்டி, பந்தயங்களுக்குக் கொண்டுபோனவர்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குறுக்கே கரை போட்டுத் தேக்கிய ஆழமில்லாத தண்ணீர், உள்ளே மூழ்கிய மரம், மேலே அல்லி, பாசி, கோரை. இதை விவரிக்க லா கிராஸ் எதற்கு? நம் ஏரிதானே அது! 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிக்குள்ளேயே கருவேல மரம் நட்டோம். நல்ல மழைக்கு அவை கழுத்தளவு மூழ்கி நிற்கும். ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு, நடுவில் ஆகாயத்தாமரை. ஆக, ஜிக் வந்து சேர்ந்தது அதற்குப் பழக்கமான தண்ணீருக்குத்தான். மீன் ஒன்றுதான் வேறு. நாங்கள் குறிவைத்தது விராலை.

அதன் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பூர்வீகம் உண்டு. இழைப் பாவாடையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கானுக்கு முன்னால் அது ரப்பர். அமெரிக்காவின் ரப்பர் தலைநகரம் ஓஹையோவின் அக்ரன். கார் டயர்களின் ஊர். அங்கே குட்இயர் கம்பெனியில் வேலை பார்த்த ஃபிரெட் ஆர்போகாஸ்ட் ரப்பர் தாளை இழை இழையாக நறுக்கி மீன்பொம்மைக்குப் பாவாடை கட்டி, அதற்கு ஹூலா ஸ்கர்ட் என்று பெயர் வைத்தார். 1949இல் நிக் க்ரீம் என்பவர் பிளாஸ்டிக் மண்புழுவைச் செய்ததும் அதே அக்ரனில்தான். ஊரில் எந்தத் தொழிற்சாலையின் கழிவு மலிவாகக் கிடைக்கிறதோ, அது எப்படியாவது தூண்டில் நுனிக்கு வந்துவிடுகிறது. தோல் தொழில் செய்யும் ஆம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முள்ளின் வழி நீளமானது. முதலில் இங்கிலாந்தில் ஊசி செய்யும் ஊரான ரெட்டிச், பிறகு நார்வே. அங்கே 1832இல் தொடங்கிய மஸ்டாட் கம்பெனிக்கு 1877இல் மத்தியாஸ் டாப் என்ற பொறியாளர் முள் செய்யும் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கிக் கொடுத்தார். அதன் பிறகுதான் கம்பியைப் போட்டால் முள்ளாக வந்து விழ ஆரம்பித்தது. என் ஜிக்கின் அட்டையில் சீனத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. ஷாண்டோங் மாகாணத்து வெய்ஹாய், பட்டாசுக்கு நம் சிவகாசி போல, தூண்டில் சாமான்களுக்குப் பேர்போன ஊர். ஈயம் உருகுவது 327 டிகிரியில். அடுப்பும் அச்சும் இருந்தால் போதும், தலை வார்த்துவிடலாம்.

பாஸ் மீன் ஊர் ஊராகப் போனது தனிக்கதை. 1925இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். அது பரவி அந்நாட்டு மீன்களைத் தின்று தீர்த்ததும், 2005இல் சட்டம் போட்டு அயல் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பத்து கிலோ பாஸின் உலக சாதனையைச் சமன்செய்யும் மீன் 2009இல் கிடைத்தது ஜப்பானின் பிவா ஏரியில்தான். மீன் போன இடத்துக்கெல்லாம் ஜிக்கும் பின்னாலேயே போயிற்று.

நம் பக்கத்தில் வெள்ளைக்காரர்களும் இதே வேலையைத்தான் பார்த்தார்கள். நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவந்து, 1907இல் அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிப்பகமும் கட்டினார்கள். ஊரிலிருந்து வந்த தூண்டிலுக்கு ஊரிலிருந்தே மீன். அவர்களில் வித்தியாசமானவர் எச். எஸ். தாமஸ் என்கிற மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதியவர், 1887இல் நம் ஏரி, குளங்களில் மீன் பிடிப்பதற்கென்றே இன்னொரு புத்தகம் எழுதினார். சேற்றுக் குளத்து மீனையும் மதித்துத் தனிப் புத்தகம் போட்ட துரை என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு பிரியம்.

சரி, ஜோலார்பேட்டை. 1860களிலிருந்து பெங்களூரு தண்டவாளமும் சேலம் தண்டவாளமும் பிரிகிற சந்திப்பு. 2019 ஜூலையில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரையே சென்னைக்கு ரயிலேற்றி அனுப்பிய ஊர். இத்தனை ரயில் இருந்தும் என் ஜிக் பெங்களூருவிலிருந்து கூரியரில், ஒரு பையனின் பைக் பெட்டியில்தான் வந்தது.

எனக்குத் துணை ஒரு நண்பர். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஸ்கைவிங் பிரிவில் இருக்கிறார்; தைப்பதற்கு முன் தோலின் ஓரத்தை மெஷினில் சீவி மெலிதாக்குவது ஸ்கைவிங். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். வயதில் அவர்தான் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் வந்துவிடுவார். குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே பேசியிருந்தோம். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர் அவர். பிடித்ததை எடைபோட்டுக் காசு கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு.

முதல் நாள் பாய்க்கு ஒரே சந்தேகம், நிறத்தில். என்னிடம் இருந்தது ப்ளூகில் என்ற நிறம்: பச்சையும் பழுப்பும் கலந்த உடம்பு, குறுக்கே கறுப்புப் பட்டை, தொண்டையில் ஆரஞ்சு. அமெரிக்க ஏரிகளில் பாஸ் விரும்பித் தின்னும் சின்ன மீன் ப்ளூகில். அதை அவர் உற்றுப் பார்த்துவிட்டு, “இது ஜிலேபிக் குஞ்சு அண்ணா” என்றார். உண்மைதான். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி, இன்று எந்த ஏரியிலும் விரால் வாய்க்கு எதிரே நீந்திக்கொண்டிருக்கிறது. ஓர் அமெரிக்க மீனைப் பார்த்துப் பூசிய பெயின்ட், ஓர் ஆப்பிரிக்க மீனின் சாயலில், தமிழ்நாட்டு மீனை ஏமாற்றப் போகிறது. ஏமாறுமா என்பதுதான் கேள்வி.

விராலைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பெயர் ஜிக் வந்த வழிக்கு எதிர்த்திசையில் பயணம் போனது. 1793இல் பெர்லினில் மருத்துவர் ப்ளோக் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். கொஞ்ச காலத்தில் பாரிஸில் லசெபேட் எழுதிய மீன் நூலில் ‘வ்ரால்’ என்றே, தமிழ் உச்சரிப்போடு, அது பதிவாகிவிட்டது. பக்கத்திலேயே குரவையும் ‘கருவே’ ஆகி உட்கார்ந்திருக்கிறது. விராலின் சீன உறவு ஒன்று 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குட்டையில் கிடைத்தபோது அரசாங்கமே பதறி, குட்டைக்கு விஷம் போட்டுக் கொன்றது. அப்படியும் 2004இல் அதே இனம் பொட்டோமாக் ஆற்றில் தலைகாட்டியது. இன்று அங்குள்ளவர்கள் பாஸுக்குச் செய்த அதே சாமான்களை அதற்கும் வீசுகிறார்கள். நாங்கள் ஏரிக்கரையில் செய்தது உலகப் புதுமை ஒன்றும் இல்லை.

ஊரில் விராலுக்கு என்றும் தவளைதான். குட்டித் தவளையை முள்ளில் கோத்து, பாசிமேல் தத்தித் தத்தி இழுப்பார்கள். பாசியில் மாட்டாமல், உயிருள்ளது போல அசைந்து வர வேண்டும். ஸ்விம் ஜிக்கின் மொத்தத் தத்துவமும் அவ்வளவுதான். இப்போது பையன்கள் ரப்பர் தவளை போடுகிறார்கள். தவளை மேலே போகும். ஜிக் ஒரு சாண் கீழே போகும். வெயில் ஏறி விரால் மேலே வராத நேரத்தில் அந்த ஒரு சாண் வேலை செய்யும் என்பது என் நம்பிக்கை.

ஏழெட்டு வாரம் ஒன்றும் வேலை செய்யவில்லை. விரால் காற்றை மூச்சாக இழுக்கிற மீன்; மேலே வந்து வாயைத் திறந்து மூடும். அந்தக் குமிழியைப் பார்த்து, நாலு முழம் தாண்டி எறிந்து, கழி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் ரீலைச் சுற்ற வேண்டும். பின்னால் தண்ணீரில் ஒரு கோடு கிளம்பும். கோடு நெருங்கும். டக். பிறகு ஒன்றும் இருக்காது. சுருட்டிப் பார்த்தால் முள்ளில் மாட்டிய பிளாஸ்டிக் வால் பாதிக்கு மேல் போயிருக்கும், சிலிக்கான் இழைகளும் கத்தரித்தது போல. பாஸின் பல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. எதையும் வாயோடு உறிஞ்சிவிடும். விராலுக்கு உண்மையான கோரைப் பல். கடித்து உதறும். ஐந்து வால் உள்ள ஒரு பாக்கெட் ஒரே காலையில் தீர்ந்தது.

மறு ஞாயிறு பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே வெள்ளாட்டுத் தோல். ஷூவின் உள்பக்க லைனிங்குக்குப் போடுகிற மெல்லிய தோல், வெட்டிப்போட்ட துண்டு. விரல் நீளம், கடைசியில் தவளைக்கால் போல இரண்டாகப் பிளந்தது. நுனியை மெஷினில் சீவிச் சீவி வெங்காயச் சருகாக ஆக்கியிருந்தார். “குரோம்ல பதம் போட்ட தோல் அண்ணா. தண்ணில கெடந்தாலும் அழுவாது. ஆவாரம்பட்டைல போட்டதா இருந்தா சாயம் எறங்கும்.” டிபன் பாக்ஸில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தோம். கால் மணி நேரத்தில் குழைந்து, விரலில் தொங்கவிட்டால் உயிருள்ளது மாதிரி சுருண்டது.

பாய்க்குத் தெரியாது, விஸ்கான்சினில் ஃபோர்ட் அட்கின்சன் என்ற ஊரில் 1920களிலேயே இதைச் செய்து புட்டியில் அடைத்து விற்றார்கள் என்பது. அங்கே பன்றித் தோல். கொழுப்பை வழித்து, தவளை வடிவில் வெட்டி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றி, அங்கிள் ஜாஷ் என்ற பெயரில் வந்தது. ஜிக்கின் முள்ளில் அதைக் கோத்து அரை நூற்றாண்டுக்கு மேல் பாஸ் பிடித்தார்கள். 2010களின் நடுவில் தயாரிப்பு நின்றபோது சொன்ன காரணம், இப்போதெல்லாம் பன்றியைச் சீக்கிரம் வளர்த்துச் சீக்கிரம் அறுத்துவிடுவதால் பழைய தடிமனில் தோல் கிடைப்பதில்லை என்பது. தோல்காரர்களின் பேச்சு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இதைச் சொன்னபோது பாய் பன்றித் தோல் என்றதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “ஆடே போதும்” என்றார்.

எனக்கு ஒரு நெருடல் இருந்தது. குரோமியத்தில் பதப்படுத்திய தோலை ஏரியில் போடுகிறோமே? கேட்டேன்.

“பாலாறு பூரா இதான் கெடக்குது. இந்த ஒரு துண்டுக்குக் கணக்குப் பாக்கறீங்களா?”

கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அந்த மாதிரித் தீர்ப்புகளால்தான். சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பாலாற்றில் தூண்டில் போட இன்றும் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. பாய் வேலை பார்ப்பது பதனிடும் இடத்தில் அல்ல, தைக்கும் இடத்தில். இருந்தாலும் அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாது. துண்டைத் தொலைக்காமல் திரும்பக் கொண்டுவருவது என்று எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்.

இன்னொரு திருத்தமும் செய்தோம். நார்க் கொத்து விராலின் வாய்க்கு ரொம்ப விறைப்பு; மேலண்ணம் எலும்பு, முள் ஏறுவதே கஷ்டம். பாய் நகவெட்டியால் நாரில் பாதியை ஓட்ட வெட்டினார்.

மூன்றாவது எறிதலா நான்காவதா, நினைவில்லை. காட்டாமணக்குப் புதரை ஒட்டி விழுந்தது. சுற்றத் தொடங்கிய ஐந்தாறு சுற்றில் பின்னால் கோடு. நான் கையை நிறுத்தப் பார்த்தேன், பாய் “நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க” என்று கிசுகிசுத்தார். டக் என்ற சத்தத்துக்குப் பிறகு இந்த முறை கனம் அப்படியே இருந்தது. மீன் பல்லில் தோலைக் கடித்தது, தோல் அறுபடவில்லை, உதறுவதற்குள் முள் ஏறிவிட்டது. கரையேற்றியபோது ஒன்றேகால் கிலோ. கறுப்பு முதுகு, வயிற்றில் சாம்பல் வரிகள், ஜிக்கை வாயின் ஓரத்தில் சுருட்டு மாதிரி வைத்துக்கொண்டு எங்களை முறைத்தது. மூங்கில் கழிப் பெரியவர் எழுந்து வந்தார். மீனைப் பார்க்கவில்லை. தோல் துண்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஆட்டுத்தோலா?” என்றார். பிறகு, “அப்ப இரை இல்லன்னு சொன்னது பொய்.”

தோல் வாலுக்கு ஒரு கெட்ட குணம். காய்ந்தால் கொட்டாங்குச்சியாகி முள்ளோடு ஒட்டிக்கொண்டு, முள்ளைத் துருப்பிடிக்க வைக்கும். பன்றித் தோல் காலத்து அமெரிக்கர்களும் இதே புகாரைத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கழற்றி ஈரத்துணியில் சுற்ற வேண்டும். ஆடி, ஆவணியில் இன்னும் நாலு விரால் கிடைத்தன. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு தாய் விரால் நின்றால் எறியக் கூடாது என்று நான் சொன்னேன். குஞ்சுகளைக் காக்க வருகிற மீன் எதைப் போட்டாலும் கடிக்கும். அதைப் பிடிப்பதைத் திறமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பாது.

ஐப்பசி மழையில் ஏரி ஏறியபோது ஜிக் கருவேல மரத்தில் மாட்டியது. இழுத்தேன், தங்கூஸ் அறுந்தது. தோலோடு போயிற்று. எங்கள் சட்டத்தை நாங்களே மீறினோம். தண்ணீர் கழுத்தளவு, மரம் முழுக்க முள். யாரும் இறங்கவில்லை.

சித்திரையில் ஏரி வற்றி, நடுவில் சேற்றுக் குட்டை மட்டும் மிஞ்சியிருந்தபோது பாயும் நானும் அந்த மரத்தைத் தேடிப் போனோம். கிளையில் முழ நீளம் தங்கூஸ் ஆடிக்கொண்டிருந்தது, ஜிக் இல்லை. குட்டையில் பையன்கள் கையாலேயே குரவை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒருவன் கல்லின் மேல் எதையோ வைத்து அடித்துக்கொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் என் ஈயத்தலை. பெயின்ட் கண் ஒன்று மட்டும் மிச்சம். மூன்று துண்டாக்கி, தட்டையாக்கி, தன் தூண்டில் நரம்பில் சுருட்டிக்கொண்டிருந்தான், கடைசித் துண்டைப் பல்லால் கடித்து இறுக்க வாய்க்குக் கொண்டுபோனான்.

“டேய், ஈயத்தை வாயில வெக்காத. வெஷம்.”

“அப்ப கல்லால அடிக்கறேன்” என்று அடித்தான்.

“முள்ளு எங்கடா?”

“அது ரொம்பப் பெருசு அங்கிள். கெளுத்திக்கு ஆவாது. தூக்கிப் போட்டுட்டேன்.”

தோல் துண்டைப் பற்றி பாய் கேட்டார். அவனுக்கு அது தோல் என்றே தெரியவில்லை. ஏதோ காய்ந்த கிழங்கு என்று நினைத்திருக்கிறான். ஏரிக்கரை மேட்டில் அவன் சைக்கிள் சாய்ந்திருந்தது. ஹேண்டில் பாரின் இரண்டு முனையிலும் பச்சையும் ஆரஞ்சுமாகச் சிலிக்கான் குஞ்சம், சரிபாதியாகப் பிரித்துக் கட்டியிருந்தான்.